வேலூரில் பி.ஏ. தமிழ், எம்.ஏ.வில் ஜெனரேட்டிவ் சின்டாக்ஸ்: எங்கிருந்து தொடங்குவது?

வேலூரில் தமிழ் இலக்கியம் முடித்து எம்.ஏ. மொழியியல் சேர்ந்தேன், ஜெனரேட்டிவ் சின்டாக்ஸில் (வாக்கியங்கள் எந்த விதிகளால் உருவாகின்றன என்று ஆராயும் பாடம்) வாக்கிய அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் மர வரைபடம் பிடிபடவே இல்லை என்கிறீர்கள். சரி, ஆங்கில உதாரணங்களைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். 'ரவி பழைய பஸ் ஸ்டாண்டில் கமலாவைப் பார்த்தான்' என்பதில் 'பழைய பஸ் ஸ்டாண்டில்' முழுவதையும் தூக்கி முதலில் வைக்கலாம், ஆனால் 'பழைய' என்பதை மட்டும் பிய்த்து முன்னால் வைத்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் பதில் ரவி பழையவன் ஆகிவிடுவான். சேர்ந்தே நகர்வதால் அது ஒரு தொடர், மரத்தில் அதற்கென்று ஒரு கணு, அவ்வளவுதான்.

அப்புறம் தலை, அதாவது ஒரு தொடரின் வகையைத் தீர்மானிக்கும் முக்கியச் சொல். தமிழில் வினையும் கடைசி, 'என்று' என்பதும் துணைவாக்கியத்தின் கடைசி. எக்ஸ்-பார் சட்டகம், அதாவது எல்லாத் தொடர்களுக்கும் பொதுவான மர அமைப்பு, ஆங்கிலத்தில் உள்ள அதேதான், தலை மட்டும் வலப்பக்கம்.

நம்மூர் மாணவருக்கு உண்மையான ருசி, 'தன்னை' போன்ற சொல் யாரைக் குறிக்கலாம் என்று சொல்லும் பிணைப்புக் கோட்பாட்டில் இருக்கிறது. 1981இல் மொழியியலாளர் சாம்ஸ்கி விரித்துச் சொன்ன விதிப்படி, ஆங்கிலத்தின் 'ஹெர்செல்ஃப்' (நம் 'தன்னை' போன்றது) தனக்குரியவரைத் தான் இருக்கும் துணைவாக்கியத்துக்குள்ளேயே தேட வேண்டும். ஆனால் 'ராணி தன்னைத் திட்டினாள் என்று கமலா சொன்னாள்' என்றால் 'தன்னை' எல்லை தாண்டிப் போய்க் கமலாவைத் தாராளமாகக் குறிக்கும். ராணி ராணியையே திட்டினாள் என்றால்? 'திட்டிக்கொண்டாள்' என்போம். அந்தக் 'கொள்' என்ன செய்கிறது என்று உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள், வகுப்பு சூடுபிடிக்கும்.