ஒரு மாலை கேசினோவுக்கு எவ்வளவு கொண்டு போகலாம்?

கேள்வி: காரைக்குடியில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 54. தம்பி மகன் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். ஒரு நாள் சாயங்காலம் மரீனா பே சாண்ட்ஸ் கேசினோவுக்குப் போகலாம் என்று பங்காளிகள் நாலு பேர் பேசி வைத்திருக்கிறார்கள். நான் இதுவரை உள்ளே போனதில்லை. எஃப்.டி. முதிர்ந்து வந்த ₹2 லட்சம் கையில் இருக்கிறது. எவ்வளவு கொண்டு போகலாம்? எதை ஆடினால் நஷ்டம் குறைவு? கிரெடிட் கார்டு பயன்படுத்தலாமா? ஜெயித்தால் இங்கே வரி உண்டா? இரண்டு வருடம் முன்பு ஆன்லைன் ரம்மியில் ₹40,000 விட்டேன். அதை அங்கே எடுத்துவிடலாம் என்று பங்காளி ஒருவர் சொல்கிறார். தம்பி அங்கே பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்); அவரும் கூட வருவார்.

பதில்: கடைசியில் எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ₹40,000-ஐ எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து போகாதீர்கள். விட்டதைப் பிடிக்க உட்காருகிறவருக்கு எழுந்திருக்க நேரம் என்று ஒன்று கிடையாது. 20,000 வந்தால் பாதிதானே வந்தது என்று உட்காருவார். 20,000 போனால் இப்போது 60,000 ஆயிற்றே என்று உட்காருவார். அந்தப் பணம் பழைய பேரேட்டில் செலவு எழுதி முடிந்துபோன கணக்கு. அதை இன்னமும் மனசில் வரவுப் பக்கம் வைத்திருந்தால், அல்லது ரம்மி ஆசை அடிக்கடி தலைதூக்கினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசு நடத்தும் சேவை, கட்டணம் இல்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையே 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. வெளிநாட்டு ஆப் என்று யாராவது லிங்க் அனுப்பினாலும் தொடாதீர்கள்.

பங்காளிகளோடு போய்ப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஆடிவிட்டு வருவதுதான் நோக்கம் என்றால், 300 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கொண்டு போங்கள். ஒரு வெள்ளி ₹70 என்று வைத்துக்கொண்டால் ₹21,000. கல்யாணத்துக்குப் போகும் பயணத்தில் ஒரு மாலைப் பொழுதுக்கு இதுவே தாராளம். கிளம்புவதற்கு முந்தின நாளே இதைப் பயணச் செலவு என்று எழுதிவிடுங்கள். திரும்பி வந்தால் அன்றைக்கு வரவு எழுதிக்கொள்ளலாம்.

ஏன் 300 என்று தெரிய, கேசினோ எப்படிச் சம்பாதிக்கிறது என்று தெரிய வேண்டும். கல்யாண வீட்டு முகப்பில் பாய் விரித்துச் சீட்டாடினால் ஒருவர் விட்டது இன்னொருவர் பைக்குப் போகும். மொத்தப் பணம் அந்தப் பாயை விட்டு வெளியே போகாது. இங்கே ஒவ்வொரு சுற்றிலும் கேசினோ ஒரு தரகு எடுக்கிறது. குண்டு உருண்டு ஒரு குழியில் விழும் ரூலெட் சக்கரத்தில் பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக 1 முதல் 36 வரையும், பச்சையில் ஒரு ஜீரோவும் ஆக 37 குழிகள். ஒரு எண்ணில் ஒரு வெள்ளி வைத்து அது விழுந்தால் வைத்ததோடு சேர்த்து 36 கைக்கு வரும். 37 குழியிலும் ஒவ்வொரு வெள்ளி வைத்தால் 37 கொடுத்து 36 வாங்குகிறீர்கள். போன ஒன்றுதான் தரகு, 2.7 சதவீதம். பச்சைக் குழி இரண்டு இருந்தால் 38 குழி, ஆனாலும் திரும்ப வருவது அதே 36, தரகு 5.26 சதவீதம் ஆகிவிடும். அதனால் மேசையில் உட்காரும் முன் சக்கரத்தை எட்டிப் பாருங்கள். பச்சை ஒன்று என்றால் உட்காரலாம். இரண்டு என்றால் நகருங்கள்.

இந்தத் தரகு நீங்கள் கொண்டுபோன முதலுக்கு அல்ல, மேசையில் புரண்ட தொகைக்கு. புதிதாகப் போகிற எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். வட்டி என்றால் முதலுக்கு இத்தனை என்று நம் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். இங்கே அதே 5 வெள்ளி போய்வந்து போய்வந்து நாற்பது தடவை புரண்டால், தரகு 200 வெள்ளிக்கு. ரூலெட்டில் மணிக்கு 40 சுற்று என்று கொள்வோம். சிவப்பில் 5 வெள்ளி வீதம் வைத்தால் மணிக்கு 200 புரளும். சராசரித் தரகு 5 வெள்ளி 40 காசு. பேங்கர், பிளேயர் என்ற இரண்டு பக்கங்களில் எது ஜெயிக்கும் என்று பணம் வைக்கும் சீட்டாட்டம் பாக்கரா; அதில் பேங்கர் பக்கம் தரகு 1.06 சதவீதம்தான். 25 வெள்ளி வீதம் மணிக்கு 60 கை (சுற்று) ஆடினாலும் புரள்வது 1,500, தரகு 16. ஸ்லாட் மெஷினில் ஒரு அழுத்தலுக்கு ஒரு வெள்ளிதானே என்று தோன்றும். மணிக்கு 500 தடவை அழுத்தலாம், 500 வெள்ளி புரளும். மெஷின் பத்து சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று கொண்டால் மணிக்கு 50 வெள்ளி. ஆக, ஒரு வெள்ளி மெஷின் 25 வெள்ளி பாக்கரா மேசையைவிட மூன்று மடங்கு தின்கிறது! மெஷின் மேல் ஒரு சென்ட் என்று எழுதியிருப்பதை நம்பி உட்கார வேண்டாம். ஒரு அழுத்தலுக்கு எத்தனை கிரெடிட் (ஒரு கிரெடிட் என்பது அந்த ஒரு சென்ட்) போகிறது என்று திரையின் அடியில் ஓடும், அதைப் பாருங்கள்.

தரகு சராசரிக் கணக்கு. ஒரே மாலையில் ஏற்ற இறக்கம் அதைவிடப் பெரிது. 5 வெள்ளி வீதம் மூன்று மணி நேரம், அதாவது 120 சுற்று ஆடினால் தரகு 16 வெள்ளி. 55 வெள்ளி மேலே போவதும் கீழே போவதும் சாதாரணம். அதே 120 சுற்றை 25 வெள்ளி வீதம் ஆடினால் தரகு 81; 275 வெள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். 300-ஐ வைத்துக்கொண்டு 25 வெள்ளி மேசையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பை காலியாகலாம். குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்று ஒவ்வொரு மேசையிலும் சின்னப் பலகை இருக்கும். உங்கள் தொகையில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் அது போகக்கூடாது. 300-க்கு 5 அல்லது 6 வெள்ளி. கூட்டமான மாலையில் ஆள் நின்று நடத்தும் மேசைகளில் இது கிடைப்பது கஷ்டம். திரை முன் உட்கார்ந்து ஆடும் எலக்ட்ரானிக் ரூலெட், பாக்கரா இருக்கைகளில் குறைந்தபட்சம் இதைவிடத் தணிவாக இருக்கும், அங்கே போங்கள். ஆனால் அங்கே சுற்று வேகமாக ஓடும். ஒன்று விட்டு ஒன்று ஆடுங்கள்.

பாக்கராவில் பிளேயர் பக்கம் தரகு 1.24 சதவீதம், அதுவும் பரவாயில்லை. ஒன்றுக்கு எட்டு என்று ஆசை காட்டும் டை (இரண்டு பக்கமும் சமம்) பக்கம் மட்டும் போகாதீர்கள்; அங்கே தரகு 14 சதவீதத்துக்கு மேல். மூன்று பகடை உருட்டும் சிக் போவில் பெரியது, சிறியது இரண்டும் 2.78 சதவீதம், மற்ற கட்டங்கள் பெரும்பாலும் மோசம். பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டுக்கு என்ன செய்வது என்ற அட்டவணையை மனப்பாடம் செய்து ஆடுகிறவருக்குத் தரகு அரை சதவீதம் அளவுக்குக் குறையும். முதல் தடவை போகிற உங்களுக்கு அது பயன்படாது, வேடிக்கை பாருங்கள்.

தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று பங்காளிகளில் ஒருவராவது காதில் ஓதுவார். கணக்கைப் பாருங்கள். 5, 10, 20, 40, 80. ஐந்து தோல்வியில் 155 வெள்ளி போயிற்று. ஆறாவதாக வைக்க 160 வேண்டும், கையில் 145 இருக்கிறது. முறையே அங்கே முறிந்துபோகிறது. ஒரு ஜீரோ சக்கரத்தில் சிவப்பு தொடர்ந்து ஐந்து முறை விழாமல் போக 28-க்கு ஒரு வாய்ப்பு. 120 சுற்றில் அப்படி ஒரு வரிசை வராமல் போவதுதான் அரிது. பாக்கரா மேசையில் முந்தின கைகளின் முடிவுகளைச் சிவப்பும் நீலமுமாக வட்டம் போட்டுத் திரையில் காட்டுவார்கள். அதைப் பார்த்து அடுத்தது எது என்று கணிப்பதும் இதே ரகம்.

தம்பி விஷயம். சிங்கப்பூர்க் குடிமக்களும் பி.ஆர்.களும் உள்ளே நுழைய 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி அரசுக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு அது இல்லை, பாஸ்போர்ட் போதும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். 150 வெள்ளி என்பது மேலே சொன்ன 5 வெள்ளி ரூலெட்டில் 27 மணி நேரத்துக்கும் அதிகமான தரகு. அதைவிட மோசம், கட்டியவர் கட்டிவிட்டோமே என்று விடிய விடிய உட்காருவார், கூட வந்தவர்களும் எழ முடியாது. உங்களுக்காகத் தம்பி அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். அவரை வெளியே கடைத்தெருவில் ஒன்பது மணிக்குச் சந்திப்பதாகச் சொல்லிவிடுங்கள். ஒருவர் காத்திருக்கிறார் என்பதைவிட நல்ல கடிகாரம் கிடையாது.

பணத்தை எப்படிக் கையாள்வது என்று சொல்கிறேன். மூன்று கவர், கவருக்கு 100 வெள்ளி, மணிக்கு ஒன்று. ஒரு கவர் அரை மணியில் தீர்ந்தால் மீதி அரை மணி வேடிக்கை, அடுத்ததைப் பிரிக்கக்கூடாது. ஜெயித்த சிப்பை, அதாவது பணத்துக்குப் பதில் தரும் வில்லையை, தனிப் பையில் போடுங்கள், மறுபடி மேசைக்கு வரவேண்டாம். நோட்டை மேசையை நடத்தும் டீலர் கையில் நீட்டினால் வாங்கமாட்டார். சுற்று முடிந்தபின் மேசைமேல் விரித்து வையுங்கள், எண்ணி சிப் தருவார். பந்தயம் முடிந்தது என்று கை வீசியபிறகு சிப்பைத் தொடாதீர்கள். ரூலெட்டில் ஆளுக்கு ஒரு நிறமாகத் தரும் சிப்புக்கு அந்த மேசையில் மட்டும்தான் மதிப்பு, எழுந்திருக்கும் முன் அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டும். கார்டுகளையும் மீதிப் பணத்தையும் ஆச்சியிடம் (மனைவியிடம்) கொடுத்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூர்ச் சட்டப்படி கேசினோ தளத்துக்குள் ஏடிஎம் வைக்கக்கூடாது. வெளியே ஏடிஎம்மைத் தேடி நடக்கிறீர்கள் என்றால் அந்த நடை தம்பி இருக்கும் இடத்தில் முடியட்டும். பங்காளிகளிடம் கைமாற்று வாங்குவதும் கொடுப்பதும் அன்றைக்கு வேண்டாம், ஊருக்கு வந்தபிறகு அதுதான் மனக்கசப்பாகும்.

கிரெடிட் கார்டு கண்டிப்பாகக் கூடாது. லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக்ஸ் (பரிசுப் பந்தயம்) போன்றவற்றுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது 2000-ம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளில் தடைப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் ‘போன்றவை’யை வங்கிகள் அகலமாகவே வாசிக்கின்றன. கார்டில் ரொக்கமாக எடுத்தால் எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும், அதன்மேல் கட்டணமும், நாணயம் மாற்ற வங்கி கூட்டிவைக்கும் மார்க்அப்பும் சேரும். கடையின் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்கு இணைந்த கார்டு இருந்தால் அதை வீட்டிலேயே பூட்டிவையுங்கள்.

வரி உண்டு. நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்பதால் உலகில் எங்கே ஜெயித்தாலும் இங்கே கணக்கில் வரும். சூதாட்ட வருமானத்துக்கு 30 சதவீதம், 4 சதவீத செஸ் சேர்த்து 31.2 சதவீதம். அடிப்படை விலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. தோற்ற பணத்தையும் கழிக்க முடியாது. முதல் நாள் 2,000 வெள்ளி ஜெயித்து, இரண்டாம் நாள் போய் 1,500 தோற்றால், கையில் நிற்பது 500. வரி 2,000-க்கு, அதாவது 624. ஜெயித்தும் 124 வெள்ளி கைநஷ்டம்! அதனால்தான் ஒரு மாலையோடு நிறுத்தச் சொல்கிறேன். சிங்கப்பூரில் சாதாரண ஆட்டக்காரரின் ஜெயிப்புக்கு வரி இல்லை, எனவே அங்கே கட்டியதாக இங்கே கழிக்கவும் ஒன்றுமில்லை. உங்கள் கடைக்கு உத்தேச லாப முறையில் சுகம் (ஐ.டி.ஆர். 4) படிவம் போடுகிறீர்கள் என்றால், ஜெயித்த வருடம் அது செல்லாது, ஐ.டி.ஆர். 3-க்கு மாற வேண்டும். தேதி, தொகை, சிப் மாற்றிய ரசீது மூன்றையும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். ஊர் திரும்பும்போது 2,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டு மிஞ்சியிருந்தால் 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.

₹2 லட்சத்தை, விமானம் பிடிக்கத் திருச்சிக்குக் கிளம்புவதற்கு முன்பே மறுபடி எஃப்.டி.யில் போட்டுவிடுங்கள். கல்யாணச் செலவுக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, 300 வெள்ளியை மூன்று கவரில் பிரித்து, கவர் மேல் ஆறு, ஏழு, எட்டு என்று பிரிக்க வேண்டிய மணியை எழுதி ஒட்டிவிடுங்கள்.