பால் பம்ப் வாங்க முதல்: வாசகியர் கேள்விகள்

கேள்வி: திருகோணமலை சீனக்குடாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பிள்ளைக்கு மூன்று மாதம் முடியப் போகிறது, லீவும் முடிகிறது. காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் வீடு வர ஐந்து தாண்டும். கையால் அமத்தும் பம்ப் போதுமா, கரண்ட் பம்ப்தான் வேண்டுமா? கனடாவில் இருக்கிற மச்சாள் ஒன்று வாங்கி அனுப்பவா என்று கேட்கிறா.
(உப்புவெளி வாசகி)

பதில்: விலையையும் கொம்பனியின் பெயரையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தரம் பால் எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். பத்து மணித்தியாலம் பிள்ளையை விட்டிருந்தால், அந்த நேரத்துக்குள் அது மூன்று நான்கு தரம் குடிக்கும். நீங்களும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது எடுத்தால்தான் மார்பு கட்டாது, சுரப்பும் குறையாது. கைப்பம்பில் ஒரு பக்கம் 15 நிமிடம், மற்றப் பக்கம் 15 நிமிடம். கழற்றிக் கழுவும் நேரத்தையும் சேர்த்தால் முக்கால் மணித்தியாலம் போய்விடும், மணிக்கட்டும் நோகும். இரண்டு பக்கமும் ஒன்றாக இழுக்கும் கரண்ட் பம்பில் அதே வேலை 15 – 20 நிமிடம். உங்கள் நேரக்கணக்குக்கு அதுதான் சரி.

கைப்பம்ப் மட்டமான சாமான் என்று இதற்கு அர்த்தமில்லை. கிளினிக், கலியாண வீடு என்று எப்போதாவது ஒரு தரம் எடுப்பவருக்கு அதுவே காணும். நாள் முழுக்கப் பிள்ளை கூடவே இருக்கிற தாய்க்கு எந்தப் பம்பும் தேவையில்லை. கரண்ட் பம்ப் வாங்குபவரும் பையில் ஒரு கைப்பம்ப் வைத்திருப்பது நல்லது, சார்ஜ் தீர்ந்த நாளில் கைகொடுக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பால் குழாய்க்குள் ஏறாதபடி நடுவில் சிலிக்கன் தடுப்பு உள்ளதாக இருக்கட்டும். அது இல்லாத பம்பில் பாலும் ஈரமும் குழாய் வழியே மோட்டர்வரை போய்ப் பூஞ்சணம் பிடிக்கும், மோட்டரைக் கழுவவும் முடியாது. உள்ளே பற்றரி உள்ளதா, யூஎஸ்பி வயரால் சார்ஜ் ஏறுமா என்றும் கேளுங்கள். அப்படியென்றால் கரண்ட் நின்றாலும் பவர் பாங்கில் ஓட்டலாம். அந்த மாடலுக்கு இழுவையைப் பிடித்து வைக்கும் வால்வும் மார்பில் வைக்கும் புனலும் தனியாக இங்கே வாங்கலாமா என்பதுதான் முக்கியமான கேள்வி. மோட்டர் லேசில் பழுதாகாது, ரப்பர்த் துண்டுகள்தான் அடிக்கடி போகும். ஐந்நூறு ரூபாய்ச் சாமான் கிடைக்காமல் முழுப் பம்பும் அலுமாரியில் கிடப்பதைவிட, கொஞ்சம் சாதாரண மாடலை எடுப்பது புத்தி.

மச்சாள் அனுப்புவதென்றால் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், இலங்கையில் 230. அடப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கின் பின்னை மாற்றினால் போதும். 120 மட்டும் என்றிருந்தால் இங்கே செருகியதும் எரிந்துவிடும். உதிரி வால்வும் இரண்டு சோடி சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிராவுக்குள் வைக்கும் வயரில்லாத பம்ப் இப்போது நல்ல மோஸ்தர். ஆனால் காம்பு நடுவில் இருக்கிறதா என்று பார்க்க முடியாது, குனிந்தால் பால் சிந்தும். இரண்டாவது பம்பாக வாங்கலாம், முதல் பம்பாக வேண்டாம்.

தொழிற்சாலையில் எப்போது எடுப்பது என்று தயங்கத் தேவையில்லை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, ஒன்பது மணித்தியால வேலைக்குள் பாலூட்டவென்று இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம் இல்லாத தொழிற்சாலையில் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. மூன்றாவது தரத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கலாம்.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்றால், ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை நாளொன்றுக்குச் சராசரி 750 மி.லீ. அளவில் குடிக்கும். பத்து மணித்தியாலத்துக்கு 300 மி.லீ. சொச்சம் வைத்தால் காணும். வேலை தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே விடிந்ததும் முதல் தரம் பால் கொடுத்த பிறகு ஒரு தரம் எடுத்துப் பழகுங்கள், அந்த நேரம்தான் சுரப்பு கூட. பிள்ளையை வைத்திருப்பவர் போத்தலுக்குப் பதில் சின்னக் கோப்பையால் பருக்கப் பழகினால், பிள்ளை மார்பை மறந்து சூப்பிக்கு அடம்பிடிக்காது. உங்கள் குடும்பநல மாதுவிடம் கேட்டால் செய்து காட்டுவா.

கேள்வி: கரண்ட் பம்ப் வாங்கி இரண்டு மாதம். முதல் 100 மி.லீ. வந்தது, இப்போது 30 வந்தால் பெரிய காரியம். காம்பும் நோகிறது. பால் வற்றுகிறதா?
(தம்பலகாமம் வாசகி)

பதில்: பாலைச் சந்தேகிக்க முதல் வால்வைக் கழற்றிப் பாருங்கள். வாத்தின் சொண்டு மாதிரி நுனி ஒட்டிய அந்தச் சிலிக்கன் துண்டுதான் இழுவையைப் பிடித்து வைக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நுனி முழுதாக மூடியிருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ கிழிந்திருந்தாலோ காற்று உள்ளே போய் இழுவை விழுந்துவிடும். தினமும் மூன்று நான்கு தரம் எடுப்பவருக்கு ஒரு வால்வு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்பது அருமை. போத்தல் பிரஷை உள்ளே விட்டுத் தேய்ப்பவருக்கு அதைவிட வேகமாகப் போகும். அதை விரலால் மெதுவாகக் கழுவினால் போதும்.

வால்வு நன்றாக இருந்தால் சிலிக்கன் தடுப்பு சரியாக இருந்திருக்கிறதா, குழாயின் இரண்டு முனையும் இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். புனலை உள்ளங்கையில் வைத்து பம்பை ஓட்டினால் சதை இழுபட வேண்டும்.

நோவுக்குக் காரணம் பெரும்பாலும் புனலின் அளவு. பெட்டிக்குள் வருவது அநேகமாக 24 மி.மீ. புனல், அது எல்லோருக்கும் பொருந்தாது. பால் எடுக்க முதல், ஒரு அடிமட்டத்தை எடுத்து, கருவட்டத்தை விட்டுக் காம்பின் குறுக்களவை மட்டும் மில்லிமீற்றரில் அளவுங்கள். அதோடு 0 முதல் 3 வரை கூட்டினால் வருவதே உங்கள் புனல். 17 என்றால் 17 – 20. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்றும் இல்லை. பெரிய புனலில் கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டு வீங்கும், சிறிய புனலில் காம்பு சுவரில் உரசி வெளிறும். புதிதாக முழுப் புனல் வாங்கத் தேவையில்லை, அளவைக் குறைக்கும் சிலிக்கன் வளையம் தனியாக விற்கிறது.

இழுவையைக் கூட்டினால் பால் கூட வரும் என்று நினைத்து பம்பின் இழுவை இலக்கத்தை ஏற்றாதீர்கள். நோவு வந்தால் பால் இறங்காது, கதை தலைகீழாகும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் வேகமான லேசான இழுவை. பால் இறங்கத் தொடங்கியதும் மெதுவான ஆழமான இழுவைக்கு மாற்றி, நோகாத உச்சத்தில் நிறுத்துங்கள். எடுக்கும்போதே கையால் மார்பை மெல்ல அமத்திக் கொடுங்கள்.

இன்னொன்று. பிள்ளைக்கு நேரே கொடுத்துக்கொண்டு இடையில் எடுக்கிறீர்கள் என்றால் 30 மி.லீ. குறைவே அல்ல. அப்படி எடுக்கும்போது 15 முதல் 60 வரை வருவது வழமை. பிள்ளை ஒரு நாளில் ஆறு தரத்துக்குக் குறையாமல் சலம் விட்டு, கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு ஏறிக்கொண்டிருந்தால் பால் காணுகிறது. ஆனால் மார்பில் ஒரு இடம் சிவந்து, கல்லாகிக் காய்ச்சலும் வந்தால் பம்பை ஆராய்ந்துகொண்டிராமல் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள்.

கேள்வி: திருகோணமலை ரவுனில் படிப்பிக்கிறேன், பள்ளிக்கூடத்தில் பிரிட்ஜ் இல்லை. எடுத்த பாலைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாமா? மாமி, எடுத்து வைத்த பால் திரைந்துவிட்டது என்று ஊற்றிவிடுகிறா.
(கிண்ணியா வாசகி)

பதில்: புதிதாக எடுத்த பால் வெளியே நான்கு மணித்தியாலம் இருக்கலாம் என்பது 25 பாகை அறைக்குச் சொன்ன கணக்கு. கச்சான் அடிக்கிற மாதங்களில் நம் வகுப்பறைகள் அதைவிட எவ்வளவோ சூடு, அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். எடுத்தவுடனேயே குளிருக்குள் வையுங்கள். சின்ன ரெஜிபோம் பெட்டியும் இரவு முழுக்க உறைய வைத்த இரண்டு ஐஸ் பக்கும் போதும். ஐஸ் பக் இல்லையென்றால் அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து எடுங்கள். பால் போத்தல் ஐஸோடு முட்டிக்கொண்டிருக்க வேண்டும், பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. இப்படி வைத்தால் 24 மணித்தியாலம்வரை பயமில்லை.

வீட்டில் பிரிட்ஜின் உட்பக்கத்தில் நான்கு நாள். கதவுத் தட்டில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும். தனிக் கதவுள்ள பிரீசரில் ஆறு மாதம். 60 மி.லீ. வீதம், மேலே கொஞ்சம் இடம் விட்டு, திகதி எழுதி வையுங்கள். சூடான புதுப்பாலைக் குளிர்ந்த பாலோடு கலக்க முதல் அதையும் குளிர வையுங்கள். கரண்ட் நின்று உறைந்த பால் இளகினால், உள்ளே ஐஸ்துகள் இன்னும் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முற்றாக உருகியதைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் கொடுத்து முடியுங்கள்.

மாமி பார்த்தது திரைந்த பால் அல்ல, மேலே மிதந்த கொழுப்பு. சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் போத்தலை வைத்து இளஞ்சூடாக்கி, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைக்கக் கூடாது, மைக்ரோவேவிலும் கூடாது. பிள்ளை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணித்தியாலத்தின் பின் ஊற்றிவிட வேண்டியதுதான், அதில் மாமி சொல்வது சரி.

கேள்வி: பிரீசரில் வைத்த பால் சவர்க்காரம் மாதிரி மணக்கிறது.
(மூதூர் வாசகி)

பதில்: பாலில் இயல்பாக உள்ள லிப்பேஸ் என்ற நொதியம் கொழுப்பை உடைப்பதால் வரும் மணம். பிள்ளை குடித்தால் கொடுங்கள், கெடுதல் இல்லை. குடிக்க மறுத்தால், இனி எடுக்கும் பாலை உறைய வைக்க முதல், ஓரத்தில் சிறு குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, ஐஸ் தண்ணீரில் வைத்து உடனே ஆற்றுங்கள். மணம் வந்துவிட்ட பாலைச் சூடாக்கிப் பயனில்லை.

கேள்வி: அக்கா பாவித்த பம்பை நான் எடுக்கலாமா? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அவித்தால் வெள்ளையாகப் படிகிறது, அதுவும் பிழையா?
(நிலாவெளி வாசகி)

பதில்: கடைகளில் விற்பவை பெரும்பாலும் ஒருவர் பாவனைக்கே செய்தவை. தடுப்பு இல்லாத பம்ப் என்றால் அக்காவுடையதானாலும் வேண்டாம்.

வெள்ளையாகப் படிவது தண்ணீரின் சுண்ணாம்பு. விஷமில்லை, ஆனால் வால்வின் நுனியில் படிந்தால் நுனி ஒட்டி மூடாது. கொஞ்சம் வினாகிரி கலந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அவிப்பதற்குச் சுண்ணாம்பு நீக்கிய தண்ணீரை எடுங்கள். ஒவ்வொரு தரமும் பால் பட்ட துண்டுகளைக் கழற்றி, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, இதற்கென்றே வைத்த பேசினில் சவர்க்காரச் சுடுதண்ணீரால் கழுவி, துடைக்காமல் காயவிட வேண்டும். சிங்குக்குள் நேரே போடாதீர்கள். பிள்ளைக்கு இரண்டு மாதமாகும்வரை, குறைமாதப் பிள்ளையென்றால் அதற்குப் பிறகும், நாளுக்கொரு தரம் கொதிதண்ணீரில் ஐந்து நிமிடம் அவியுங்கள். குழாயை அவிக்க வேண்டாம். உள்ளே ஈரம் தெரிந்தால் குழாயை மட்டும் கொழுவி பம்பைச் சில நிமிடம் ஓட்டினால் காய்ந்துவிடும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் கழுவப் பார்க்காமல் எறிந்துவிட்டுப் புதுக் குழாய் போடுங்கள்.