கால் நழுவும் பயமும் பெடல் தேர்வும்

கேள்வி: எனக்கு வயது 26. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஓராண்டாக ஃபிக்ஸி (பின்சக்கரத்தோடு பெடலும் நிற்காமல் சுழலும்) சைக்கிள் ஓட்டுகிறேன். முன் பற்சக்கரம் 48 பல், பின் பற்சக்கரம் 15 பல், பட்டையில்லாத தட்டைப் பெடல். முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. மடக்கினால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது. குருத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஓட்டக் கிளம்பும் முன் ஊரிலிருந்து கொண்டுவந்த டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். ஷூவின் அடிப்பகுதியைப் பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலையும் அதற்கான ஷூவையும் நண்பரிடம் இரவல் வாங்கி ஓட்டியபோது விரல்கள் மரத்துப்போயின. இரண்டு மாதங்களுக்கு முன் மவுண்ட் ஃபேபர் இறக்கத்தில் கால் நழுவி, பெடல் கணைக்காலில் பலமாக அடித்தது. அன்று இரவு முழுவதும் தாங்க முடியாத வலி. இரண்டு மாத்திரை போட்டுச் சமாளித்தேன். கிளிப்லெஸ், பாதத்தின் முன்பகுதியைக் கூடுபோல் பிடிக்கும் டோ கிளிப், பட்டை ஆகியவற்றில் முழங்காலுக்கு எது நல்லது?

மருத்துவர் பதில்:

நீங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைப் பெடல் மாற்றத் தூண்டியது மவுண்ட் ஃபேபர் இறக்கத்தில் பட்ட அடிதான் என்பதும், கால் மறுபடி நழுவிவிடுமோ என்ற பயம் இன்னும் விலகவில்லை என்பதும் கடிதத்தைப் படித்த உடனே புரிந்தது. அந்தப் பயம் நியாயமானது. முழங்கால் பற்றிய பயத்துக்கு அந்த நியாயம் இல்லை. ஆகவே அடியிலிருந்து தொடங்குகிறேன்.

அன்று இரவு நீங்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் இருந்திருக்கக் கூடாது. மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்திருக்க வேண்டும். கணைக்காலின் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, எளிதில் விரிந்துகொடுக்காத தசையுறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. பலமான அடி பட்டு உள்ளே ரத்தம் கசிந்தாலோ தசை வீங்கினாலோ, விரிவதற்கு இடமில்லாத அந்த அறைக்குள் அழுத்தம் ஏறி, நுண்ணிய ரத்தக் குழாய்களை நெருக்கி, தசைக்கும் நரம்புக்கும் போகும் ரத்தத்தை நிறுத்திவிடும். இதை கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்கிறோம். எலும்பு முறிந்தவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம் என்றாலும், எலும்பு முறியாத வெறும் அடியிலும் இது வரக்கூடும். அதிலும் தசைக்கட்டு மிகுந்த, 35 வயதுக்கு உட்பட்ட ஆண்களிடம் கூடுதலாக வருகிறது. நீங்கள் அந்த வயதில்தான் இருக்கிறீர்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரம் ரத்த ஓட்டம் தடைபட்டால் தசை மீள முடியாமல் அழியத் தொடங்குகிறது. பாதத்தை நிமிர்த்தித் தூக்கும் சக்தியை வாழ்நாள் முழுவதும் இழந்தவர்கள் உண்டு.

இதன் முதல் அடையாளம் வலிதான். பட்ட அடிக்குப் பொருந்தாத வலி. ஓய்வெடுத்தாலும் குறையாமல் மணிக்கு மணி கூடிக்கொண்டே போகும் வலி. காலின் முன்புறத் தசை விறைத்து இறுகியிருக்கும். இன்னொருவர் உங்கள் பெருவிரலைப் பிடித்து மெல்லக் கீழ்நோக்கி வளைத்தால் கணைக்காலில் உயிர் போவதுபோல் வலிக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட தோல் மரத்துப்போவது அதன்பின் வருவது; அது வரட்டும் என்று காத்திருப்பது காலதாமதம். பாதத்தில் நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் அடைந்துவிடவும் கூடாது, ஏனெனில் பெரிய தமனியில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கக்கூடும். இப்படி ஒரு வலி மறுபடி வந்தால், ஷூவையும் சாக்ஸையும் கட்டிய கட்டையும் அவிழ்த்துவிட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்காமல் நெஞ்சின் மட்டத்திலேயே வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். உயர்த்தினால் வீக்கம் வடியும் என்ற பொதுவான அறிவுரை இந்த ஒரு நிலையில் கெடுதல் செய்யும். ஏற்கெனவே தடுமாறும் ரத்த ஓட்டம் இன்னும் குறைந்துவிடும். தேவைப்பட்டால் அறுவை மருத்துவர் தசையுறையைக் கீறி அழுத்தத்தை விடுவிப்பார். உரிய நேரத்தில் செய்துவிட்டால் கால் பிழைத்துக்கொள்ளும்.

உங்களுக்கு அந்த நோய் வந்திருந்ததா என்பதை இரண்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தழும்பாக ஏதேனும் தங்கியிருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். வெறுங்காலுடன், முன்பாதத்தைத் தரையில் ஊன்றாமல், குதிகால்களால் மட்டும் பத்து அடி நடந்து பாருங்கள். பிறகு பெருவிரலை மட்டும் மேல்நோக்கி நிமிர்த்துங்கள். இன்னொருவர் விரலால் அழுத்தும்போது அது தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டு கால்களும் ஒரே மாதிரி இருந்தால் அந்த இரவைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம். அடிபட்ட கால் தளர்ந்திருந்தாலோ, முதல் இரண்டு விரல்களின் இடையில் உணர்ச்சி குறைந்திருந்தாலோ, இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

அந்த மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன நோயில் மருத்துவருக்கு வழிகாட்டும் முதல் அறிகுறியே வலி என்றால், அதை மாத்திரையால் அமுக்குவது எவ்வளவு ஆபத்து என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். ஓட்டுவதற்கு முன் வழக்கமாகப் போட்டுக்கொள்வது இன்னொரு தவறு. சிங்கப்பூரின் புழுக்கத்தில் வியர்த்து உடலில் நீர் குறையும் வேளையில் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. இரைப்பையில் புண்ணையும் ரத்தக்கசிவையும் உண்டாக்கவல்லது. யாரும் எழுதித் தராத மருந்தை, எந்த அளவு, எத்தனை நாள் என்ற கணக்கில்லாமல் எடுத்துக்கொள்வதை இன்றோடு நிறுத்துங்கள். மாத்திரை போட்டால்தான் ஓட்ட முடியும் என்றால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.

இனி பெடலுக்கு வருவோம். உங்கள் வண்டியில் பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும்; காலை நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் ஓடவிட முடியாது. 48-க்கு 15 என்ற பற்கணக்கில் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 6.7 மீட்டர் நகர்கிறது. இறக்கத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம் பிடித்தால் பெடல் நிமிடத்துக்கு 110 சுற்றுக்கு மேல் சுற்றும்; அதாவது நழுவிய காலை நீங்கள் இழுத்துக்கொள்வதற்குள், அரை நொடி கழித்து அதே பெடல் அதே இடத்துக்குத் திரும்பி வந்து அடிக்கும். ஆகவே ஃபிக்ஸியில் காலைப் பிடித்துவைக்க ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். வெறும் தட்டைப் பெடல் சாதாரண சைக்கிளுக்குப் போதும், இதற்குப் போதாது. இந்த ஒரு விஷயத்தில் மருத்துவராக எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

எதைக் கொண்டு பிடித்துவைப்பது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. தோல்பட்டையை இழுத்து இறுக்கும் டோ கிளிப் ஜப்பானின் கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயங்களில் இன்றும் பயன்படுகிறது; அது மிக உறுதியானது. ஆனால் அங்கே பந்தயம் தொடங்கும்வரை வண்டி விழாமல் நிறுத்திவைக்க ஏற்பாடு உண்டு, நடுவழியில் சிக்னல் கிடையாது. இறுக்கிய பட்டையிலிருந்து காலை எடுக்கக் குனிந்து பக்கிளைத் தளர்த்த வேண்டியிருப்பதால் நகரச் சாலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தளர்த்தி வைத்துக்கொண்டு ஓட்டுவதாகச் சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் அது பிடித்துவைக்கும் வேலையையே சரியாகச் செய்யாது.

கிளிப்லெஸ் பெடலைப் பார்த்துப் பலர் பயப்படுவது காலை அது விடாது என்பதற்காக. அதன் வரலாறே வேறு. பனிச்சறுக்கு விளையாட்டில் கால் முறுகினால் தானாகக் கழன்றுகொள்ளும் பூட்டுகளைச் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984-இல் அதே முறையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. 1985-இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் அது விட்டுவிடும். முழங்காலுக்குக் கெடுதல் வருவது பெடலால் அல்ல, ஷூவின் அடியில் பொருத்தும் கிளீட் தவறான கோணத்தில் இருப்பதால். கால் தன் இயல்பான கோணத்தில் அசைய இடம் தராத கிளீட் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு முறை முழங்காலை முறுக்கிக்கொண்டேயிருக்கும். ஷிமானோ நிறுவனத்தின் சாலைப் பந்தயக் கிளீட்டுகளில் சிவப்பு நிறமுள்ளது அசையவே விடாது. நீலம் 2 பாகை, மஞ்சள் 6 பாகை அசைய இடம் தரும். வலியுள்ள முழங்காலுக்கு சிவப்பு ஆகாது. நகரில் ஓட்டுவதற்கோ சாலைப் பந்தயப் பெடலே தேவையில்லை. இரு பக்கமும் பூட்டிக்கொள்ளும் எஸ்பிடி என்ற வகைக் கிளிப்லெஸ் பெடல் வசதியானது, ஏனெனில் சுழன்றுகொண்டே இருக்கும் பெடலில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை.

கடைக்காரர்கள் புதியவர்களுக்கு எஸ்எச்56 என்ற, பல திசைகளிலும் கழன்றுகொள்ளும் கிளீட்டைத் தருவது வழக்கம். மற்ற சைக்கிள்களுக்கு அது நல்ல யோசனை, ஃபிக்ஸிக்கு அல்ல. நீங்கள் வேகத்தைக் குறைக்கக் காலை மேல்நோக்கி இழுக்கும் அதே நொடியில் அது கழன்றுவிடக்கூடும், அப்போது மவுண்ட் ஃபேபர் சம்பவம் திரும்ப நடக்கும். பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் கழலும் எஸ்எச்51-ஐக் கேட்டு வாங்கி, ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். பின்னோக்கி அழுத்தும்போது கழல்வதாகத் தெரிந்தால் சிறிது கூட்டுங்கள்.

ஆனால் இப்போதைக்கு உங்களுக்கு என் யோசனை, தட்டைப் பெடலில் மாட்டும் அகலமான வெல்க்ரோ பட்டை. சாதாரண ஷூ போதும், பாதத்தைப் பின்னோக்கி இழுத்தால் வெளியே வந்துவிடும், குதிகாலுக்கு அசைய இடம் இருக்கும். முழங்கால் வலிக்கும் காலத்தில் புதிய ஷூ, புதிய கிளீட், புதிய கோணம் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். வலி அடங்கி ஓரிரு மாதம் நிம்மதியாக ஓட்டிய பிறகு எஸ்பிடிக்கு மாறலாம். விரல்கள் மரத்ததற்கு இரவல் ஷூவே காரணமாக இருக்கலாம். உங்கள் அளவில், முன்பகுதி அகலமான ஷூ வாங்கி, கிளீட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெடலின் ஊசிமுனைகள் தோலைக் கிழித்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்தாண்டுகள் கடந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முழங்கால் தேய்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வலியில்லாத ‘டக்’ சத்தம் நோயல்ல. ஆரோக்கியமான முழங்கால்களிலும் அது கேட்கும். முழங்கால் வீங்கியதாகவோ, மடங்கிய நிலையில் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டதாகவோ நீங்கள் எழுதவில்லை. எனவே ஸ்கேன் வேண்டாம், குளுக்கோசமைன் வேண்டாம், நள்ளிரவில் இணையத்தில் தேடுவதும் வேண்டாம். 26 வயதில் சைக்கிள் ஓட்டுபவருக்கு முட்டிச்சில்லின் பின்னால் வலிப்பது பெரும்பாலும் பளு மிகுந்ததால்தான், உங்கள் வண்டியில் அந்தப் பளு இரு வழிகளில் வருகிறது. ஒன்று, 48-க்கு 15 என்பது நின்று நின்று கிளம்பும் நகரச் சாலைக்கு மிகக் கனமான கியர். இன்னொன்று, ஃபிக்ஸியில் வேகத்தைக் குறைக்கச் சுழலும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்துகிறீர்கள். அப்போது முன் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால், மிதிக்கும்போது ஏறும் பளுவோடு முட்டிச்சில்லின் மேல் இந்தப் பளுவும் சேர்கிறது.

பின் பற்சக்கரத்தை 17 அல்லது 18 பல்லாக மாற்றச் சொல்லுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை மட்டும் மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். தாழ்ந்த சீட் முன்பக்க வலிக்கு முக்கியமான காரணம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெல்ல எழுந்து அமர்வது, ஒரு படியிலிருந்து ஒற்றைக் காலால் நிதானமாக இறங்குவது ஆகிய பயிற்சிகளை வாரத்துக்கு மூன்று நாள் செய்யுங்கள். ஆறேழு வாரங்களில் முன்னேற்றம் தெரியாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் வண்டியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கடிதத்தில் பிரேக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிங்கப்பூரில் 2021 முதல் சைக்கிளில் குறைந்தது ஒரு கைப்பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை விட்டுத்தள்ளினாலும், உங்கள் முழங்காலுக்கு நான் தரக்கூடிய மிகச் சிறந்த சிகிச்சை முன்சக்கரத்தில் ஒரு நல்ல பிரேக்தான்: வண்டியை நிறுத்தும் வேலை தொடைத் தசையிலிருந்து பிரேக்குக்குப் போய்விடும், இறக்கத்தில் பெடலின் வேகம் கால் தாங்கும் அளவைத் தாண்டாது. உங்கள் வண்டியில் பிரேக் இல்லையென்றால், பட்டை வாங்கும் அதே கடையில் முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள். புதிய பட்டையிலிருந்து காலை எடுக்கும் பழக்கத்தைச் சாலையில் கற்க வேண்டாம்; பூங்காக்களை இணைக்கும் பார்க் கனெக்டர் பாதையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, பிரேக்கால் வேகத்தை நடை அளவுக்குக் குறைத்து, பெடல் கீழே வரும் நொடியில் காலைப் பின்னோக்கி இழுத்துப் பழகுங்கள். இரண்டு கால்களுக்கும் அது யோசிக்காமலே வரும்வரை மவுண்ட் ஃபேபர் பக்கம் போகாதீர்கள்.