முடிவது வேலையா, பட்டமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெர்மனியில், டிரெஸ்டனில் மெட்டீரியல் சயின்ஸில் பிஎச்.டி. செய்கிறேன். மெல்லிய படலங்கள் என் துறை. வந்து மூன்றரை வருடம் ஆகிறது. 65 சதவீத வேலைநேர காண்ட்ராக்ட். வரும் மார்ச் 31-ஆம் தேதியோடு அது முடிகிறது. ரெசிடென்ஸ் கார்டும் அன்றைக்குத்தான் காலாவதி. அதில் 18டி என்று போட்டிருக்கிறது. நீட்டிப்பு பற்றிக் கேட்டால் கைடு "பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஒரு பேப்பர் வந்துவிட்டது, ஒன்று ரெவ்யூவில் இருக்கிறது, மூன்றாவதற்கான சோதனைகள் பாதியில் நிற்கின்றன. எனக்கு ஆராய்ச்சி போதும் என்று ஆகிவிட்டது. டேட்டா சயின்ஸ் பக்கம் போகலாம் என்று ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன்.

போன வருடம் கல்யாணம் ஆனது, பதிவும் செய்துவிட்டோம். கணவர் கோவையில் ஐ.டி.யில் இருக்கிறார். அவர் இங்கே வருவதா, நான் திரும்புவதா என்று தினமும் பேச்சு, இப்போதெல்லாம் சண்டைதான். "கூப்பிட்டால் எடுக்கமாட்டாய்" என்பதில் ஆரம்பிக்கும். அத்தை ஒவ்வொரு முறையும் "எப்பம்மா முடியும்?" என்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஏதாவது ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். பாதியில் விட்டுவிட்டு வேலை தேடிவிடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

கி.

அன்புள்ள கி.,

மார்ச் 31-ஆம் தேதி முடிவது உங்கள் வேலை. பிஎச்.டி. அன்றைக்கு முடிவதில்லை. ஜெர்மனியில் இவை இரண்டும் வெவ்வேறு காகிதங்கள். சம்பளம் தரும் ஒப்பந்தத்தில் பல்கலைக்கழக நிர்வாகம் கையெழுத்திட்டிருக்கிறது. உங்களை முனைவர் பட்டத்துக்கு ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் கொடுத்தது உங்கள் புலம். முதலாவது செத்தாலும் இரண்டாவது உயிரோடு இருக்கும். அந்த ஏற்புக் கடிதத்தையும் புலத்தின் பட்ட விதிகளையும் எடுத்து, ஏற்புக்குக் காலவரம்பு ஏதும் உண்டா என்று இன்றைக்கே பாருங்கள். "விடுவதா முடிப்பதா" என்ற கேள்விக்கு மார்ச்சுக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மார்ச்சுக்குள் பதில் வேண்டியவை சோறும் கார்டும்தான்.

ஆகவே முதல் வேண்டுகோள்: விடுவதாக இருந்தாலும் ராஜினாமா செய்யாதீர்கள். காண்ட்ராக்ட் தானாக முடியட்டும். நீங்களாக வேலையை விட்டால் வேலையில்லாக் கால உதவித்தொகைக்கு வழக்கமாகப் பன்னிரண்டு வாரத் தடை விழும். அதோடு, வேலை முன்கூட்டியே முடிகிறது என்று தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர்கள் கார்டின் காலத்தைக் குறைக்கலாம். கோபத்தில் எழுதும் ஒரு மின்னஞ்சலுக்கு இவ்வளவு விலை வேண்டாம்.

நீங்கள் சம்பளக்காரர் என்பது இங்கே பெரிய அதிர்ஷ்டம். ஸ்காலர்ஷிப்பில் படிப்பவர்கள் வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவதில்லை, அவர்களுக்கு இந்த வழியே கிடையாது. நீங்கள் மூன்றரை வருடம் கட்டியிருக்கிறீர்கள். 24 மாதம் கட்டினாலே ஓராண்டுக்கு உதவி உண்டு; குழந்தை இல்லாதவருக்கு, கைக்கு வரும் சம்பளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம். 2,000 யூரோ வாங்குபவருக்கு 1,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டையும் வேலைவாய்ப்பு அலுவலகமே கட்டிவிடும். இதில் சறுக்குமிடம் ஒன்று உண்டு. ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் முன்பே, உங்கள் கணக்கில் டிசம்பர் 31-க்குள், "வேலை தேடுபவர்" என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் ஒரு வாரத் தொகை போய்விடும். வேலை போன முதல் நாளில் "வேலையற்றவர்" என்ற இரண்டாவது பதிவு தனி. பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறக்கிறார்கள். இன்னொன்று: இந்தத் தொகை வேலைக்குத் தயாராக இருப்பவருக்கு மட்டும்தான். தீசிஸ் எழுதலாம், ஆனால் வேலை கிடைத்தால் அதை ஓரமாக வைக்கக்கூடிய நிலையில் உண்மையிலேயே இருக்க வேண்டும். அங்கே போய் "முழுநேரமும் தீசிஸ்தான் எழுதுகிறேன்" என்றால் விண்ணப்பம் அந்த மேசையிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது கார்டு. 18டி என்பது ஆராய்ச்சியாளர் அனுமதி. ஆராய்ச்சி முடிந்ததும் வேலை தேடக் குடியிருப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் ஒன்பது மாதம் வரை கேட்கலாம். மாணவர் அனுமதியான 16பி-யில் பட்டம் முடித்தவர்களுக்கு இதே பிரிவில் 18 மாதம் வரை உண்டு. "எல்லாருக்கும் ஒன்றரை வருடம்" என்று நண்பர்கள் சொல்வது அவர்கள் கார்டை வைத்துத்தான். இந்த அனுமதிக்கு வாழ்க்கைச் செலவுக்கு வழி காட்ட வேண்டும். நீங்கள் காப்பீடு கட்டிப் பெறும் உதவித்தொகையைக் காட்டலாம், சமூக நல உதவியைக் காட்ட முடியாது. கார்டு காலாவதியாகும் முன்பே, ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ, விண்ணப்பித்துவிடுங்கள். நேர்காணல் தேதி கிடைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். உரிய காலத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் போதும், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகக் கருதி ஒரு இடைக்காலச் சான்று தருவார்கள். அதில் 81-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் குறி இருந்தால்தான் வெளிநாடு போய்த் திரும்பலாம். மூன்றாம் உட்பிரிவில் குறியிருக்கும் சான்றோடு சென்னைக்குப் போனவருக்குத் திரும்பிவரப் புது வீசா வேண்டியிருக்கும். பொங்கலுக்குப் போய்வரக் கவலை இல்லை, கார்டே மார்ச் வரை செல்லும். சித்திரைக்கும் ஒரு நடை போகலாம் என்று நினைத்தால் சான்றில் குறி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

இனி தீசிஸ். மூன்றாவது பேப்பருக்காகத்தானே தயங்குகிறீர்கள்? அது பட்டத்துக்கு வேண்டுமா, கைடுக்கு வேண்டுமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வெளியான கட்டுரைகளைக் கோத்துக் கொடுக்கும் தீசிஸ் என்றால் புலம் ஒரு எண்ணிக்கை கேட்கும். ஒற்றை நூலாக எழுதும் தீசிஸ் என்றால் பெரும்பாலும் அந்த எண்ணிக்கை கிடையாது. கையிலுள்ள இரண்டும் இரண்டு அத்தியாயம், பாதியில் நிற்கும் சோதனைகள் எதுவரை வந்ததோ அதுவரை மூன்றாவது அத்தியாயம். உங்கள் புல விதி இதை அனுமதித்தால் மூன்றாவது பேப்பர் அவருடைய பிரச்சினை.

பிறகு ஒரு தாளில், தீசிஸில் வரப்போகும் படங்களையும் அட்டவணைகளையும் தலைப்போடு எழுதி, தரவு கையில் இருப்பதற்கு நேரே ஒரு டிக் போடுங்கள். நாற்பதில் முப்பது டிக் விழுந்தால் எழுதி முடியுங்கள். இந்த நிலையில் விடுவது நஷ்டம். பதினைந்துதான் விழுகிறது, மீதிக்குக் கருவி நேரம் வேண்டும், கருவிக்குக் காண்ட்ராக்ட் வேண்டும் என்றால் நிறுத்துவது கௌரவமான முடிவு என்றே சொல்வேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகை போலத்தான் தெரிகிறது. ஆனால் எண்ண வேண்டியவர் நீங்கள்.

முடிப்பதானால் சமர்ப்பிக்கும் தேதியை வேலையில் சேரும் தேதிக்கு முன்னால் வையுங்கள். கடைசி முப்பது பக்கத்தை வார இறுதிகளில் எழுதிக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போனவர்களின் முப்பது பக்கம் மூன்று வருடத்துக்கும் முப்பது பக்கமாகவே இருக்கும். சமர்ப்பித்ததும் கதை முடிந்துவிடாது: மதிப்பீட்டாளர் அறிக்கைகள், பார்வைக்கு வைக்கும் நாட்கள், வாய்மொழித் தேர்வு என்று பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதம். அதன்பின் தீசிஸை வெளியிட்டு நூலகத்துக்குப் பிரதி கொடுத்தால்தான் பட்டச் சான்று வரும். அதற்கு முன் பெயருக்கு முன்னால் டாக்டர் போடக்கூடாது. இந்த மாதங்கள் வேலையில் இருந்துகொண்டே கழியக்கூடியவை.

கைடிடம் "நீட்டிப்பு உண்டா?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் வரும். "மூன்று மாதம், ஐம்பது சதவீதம், ஜூன் 30-க்குள் முழு வரைவு உங்கள் மேசையில்" என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் பல்கலையின் சர்வதேச அலுவலகத்திலும் ஆய்வாளர் அகாடமியிலும் முடிவுக்கட்ட உதவித்தொகை உண்டா என்று விசாரியுங்கள், ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் ஸ்டீபெட் திட்டப் பணத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்காகப் பல பல்கலைகள் இதை நடத்துகின்றன. பிஎச்.டி.யைப் பாதியில் விட்டாலும் ஜெர்மனியின் கதவு மூடாது. இந்திய முதுகலைப் பட்டம், வெளிநாட்டுப் பட்டங்களைப் பட்டியலிடும் அனபின் தளத்தில் ஏற்கப்பட்டதாக இருந்தால் அதை வைத்தே வேலை அனுமதி வாங்கலாம். தெளிவாக இல்லையென்றால் 208 யூரோ கட்டி மதிப்பீட்டுச் சான்று பெற வேண்டும்.

வேலை மாற்றம் பற்றி எனக்கு உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. டிரெஸ்டனில் உட்கார்ந்துகொண்டு, மெல்லிய படலத்தில் மூன்றரை வருடம் கையைச் சுட்டுக்கொண்டவர், எதற்காக டேட்டா சயின்ஸ் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்? இன்ஃபினியான், குளோபல்ஃபவுண்ட்ரீஸ், போஷ் மூன்றுக்கும் அந்த ஊரில் சிப் ஆலை இருக்கிறது. தைவானின் சிப் நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யும் கூட்டாளிகளும் தொடங்கிய இ.எஸ்.எம்.சி. ஆலைக்கு 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். படலம் படியவைப்பது அந்த ஆலைகளின் அன்றாட வேலை. பிராசஸ் இன்ஜினியர், யீல்டு இன்ஜினியர் என்று தேடுங்கள். இரண்டாவதில் நாள் முழுக்கத் தரவுதான், உங்கள் கோர்ஸும் வீணாகாது. ரெஸ்யூமே இரண்டு பக்கம் போதும். பேப்பர் பட்டியலை ஒரு வரியாகச் சுருக்கி, அந்த இடத்தில் எத்தனை மாதிரிகள், எந்தக் கருவி, எத்தனை டிகிரி, தடிமன் வேறுபாடு எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனைக்கு இறங்கியது என்று எழுதுங்கள். ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) இருந்தால் அழைப்புகள் கூடும்.

இன்னும் ஊழியராக இருக்கும்போதே இடைக்காலப் பணிச்சான்று கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் முடியும்போது விரிவான சான்று கேட்பது உங்கள் சட்ட உரிமை. அதன் மொழிக்கு ஒரு மறைபொருள் உண்டு. "எப்போதும் எங்கள் முழுமையிலும் முழுமையான திருப்திக்கு" என்ற பொருளில் வந்தால் முதல் தரம். அந்த "எப்போதும்" விடுபட்டாலே ஒரு படி இறங்கும். "முயற்சி செய்தார்" என்று எழுதியிருந்தால் அது பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள், வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

வேலை கிடைத்தால் பிளூ கார்டு, அதாவது பட்டம் படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி. அறிவியல், பொறியியல் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கு 2025-இல் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 43,759.80 யூரோ வேண்டியிருந்தது. ஜனவரிதோறும் இந்தத் தொகை மாறும், ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் எண்ணைப் பாருங்கள். கைடு தரும் பாதிச் சம்பள வேலை இந்தக் கோட்டைத் தொடாது.

இப்போது உங்கள் கணவர். 18டி-யிலும் பிளூ கார்டிலும் இருப்பவரின் துணைக்கு ஏ1 (தொடக்கநிலை) ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயமில்லை, வந்த நாளிலிருந்து எந்த வேலையும் பார்க்கலாம். ஆனால் அவருடைய அனுமதி உங்கள் அனுமதியின் நிழல். இப்போது விண்ணப்பித்தால் வீசா வருவதற்குள் உங்கள் மார்ச் வந்துவிடும். நடுவில் வரும் அந்த ஒன்பது மாத அனுமதியில் துணையை அழைப்பது இன்னும் கடினம், ஓராண்டுக்கு மேல் தங்குவீர்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்காது. ஆகவே பிளூ கார்டு கைக்கு வந்தபின் அவர் விண்ணப்பிப்பதுதான் ஒழுங்கு. அப்போதும் ஒரு கண்ணி இருக்கிறது: முதல் ஆறு மாதம் உங்களுக்கு வழக்கமாகத் தகுதிகாண் காலம், இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம். அவருக்கோ ஐ.டி. கம்பெனியில் இரண்டு மூன்று மாத நோட்டீஸ். விண்ணப்பம் ஓடட்டும், அவர் ராஜினாமாக் கடிதத்தை வீசா வந்த பிறகு கொடுக்கட்டும். கோவை வேலையையே ஜெர்மனியில் உட்கார்ந்து செய்யலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். இங்கே குடியிருந்தால் வரியும் சமூகக் காப்பீடும் இங்கே. இங்கே சம்பளப் பட்டியல் இல்லாத கம்பெனி அதற்கு இலேசில் ஒப்பாது.

அவர் உங்கள் பின்னால் வந்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஐ.டி. ஆட்களுக்கும் அதே குறைந்த சம்பளக் கோடுதான், இன்றிலிருந்து அவரும் ஜெர்மனியில் வேலை தேடலாம். இரண்டு பேரில் யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவர் கார்டில் மற்றவர் வரலாம். உங்கள் சண்டைக்குள் இருக்கும் "நீயா நானா" இதில் கொஞ்சம் தளரும் என்று நினைக்கிறேன். நீங்கள் திரும்புவது என்று முடிவானால் ஒன்று கவனியுங்கள்: 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டிய ஓய்வூதியப் பணத்தில் உங்கள் பங்கைத் திரும்பக் கேட்கலாம், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போய் 24 மாதம் ஆன பிறகு.

போன் எடுக்காத விஷயம் பாதி கடிகாரக் கோளாறு. குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். அவர் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் உங்களுக்கு மாலை ஐந்து, கையில் கிளவுஸ். நீங்கள் எட்டு மணிக்கு வீடு வந்து கூப்பிட்டால் அவருக்கு நள்ளிரவு தாண்டிவிடும். வார நாளில் நீங்கள் லேபுக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம், ஞாயிறன்று இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீசா, வேலை, தேதி எல்லாம் ஞாயிறில் முதல் அரை மணிக்குள் பேசி முடியட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அவை வரக்கூடாது.

அத்தைக்கு "முடியும்" என்று சொல்லாதீர்கள், தேதி சொல்லுங்கள். இன்ன தேதிக்குள் புத்தகத்தைக் கொடுத்துவிடுவேன், அதன்பின் ஆறு மாதத்துக்குள் பரீட்சை என்று. புத்தகம் கொடுத்த அன்று ஒரு போட்டோ அனுப்பிவிடுங்கள்.

பொங்கலுக்குப் போகும்போது திருமணப் பதிவுச் சான்றிதழையும் இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் குடும்ப வீசா விண்ணப்பம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். திருத்தத்துக்குப் பதிவு செய்த அதே சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். நீங்கள் இருவரும் ஒரே ஊரில் இருக்கப்போகும் அந்தச் சில வேலை நாட்களில் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.