அஸூர் தேர்வுக்காக நகையை அடகு வைக்கலாமா?

அம்மா, உங்கள் மெசேஜை இரண்டு தடவை படித்தேன். மகன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம், கிளவுட் அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வு எழுதப் போகிறேன் என்கிறான், பக்கத்து ஊர் கோச்சிங் சென்டரில் 45,000 ரூபாய் கேட்கிறார்கள், பாஸ் கேரண்டி, வேலை கேரண்டி என்கிறார்கள், வளையலை வைத்தாவது கட்டிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளையலைத் தொடாதீர்கள். மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், இது முதலில்.

அவன் சொல்வது மைக்ரோசாஃப்ட்டின் ஏஇசட்-104 தேர்வு. அஸூர் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டர்கள்; அவற்றை நிர்வகிக்கத் தெரியுமா என்று பார்ப்பதுதான் இந்தத் தேர்வு. இதை எழுத எந்த சென்டரின் சான்றும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். முழுப் பாடமும் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இலவசம், மாதிரித் தேர்வும் அங்கேயே இலவசம். 1000-க்கு 700 எடுத்தால் பாஸ். தேர்வை நடத்துவது மைக்ரோசாஃப்ட், அதற்கு இந்த சென்டர் எப்படி கேரண்டி தர முடியும்? இப்படிப் பேசும் இடங்களில் பெரும்பாலும் கையில் வைத்திருப்பது 'டம்ப்' தான், அதாவது வெளியே கசிந்த கேள்விகளை மனப்பாடம் செய்ய வைப்பது. அது தேர்வு விதிக்கு விரோதம், மாட்டினால் சான்றிதழைப் பறிக்கலாம், இனி எழுதவே கூடாது என்று தடையும் போடலாம். மாட்டாவிட்டாலும் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்; அப்படி வெளுத்துத் திரும்பி வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், அந்த முகங்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

வேலை விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். சான்றிதழ் வந்த மறுநாளே யாரும் அட்மின் நாற்காலியைக் கொடுத்துவிட மாட்டார்கள். ஃப்ரெஷருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் சப்போர்ட் வேலை, டிக்கெட் பார்ப்பது (அதாவது வந்து சேரும் புகார்களைக் கவனிப்பது), நைட் ஷிஃப்ட். அதில் ஒன்றிரண்டு வருடம் இருந்து மேலே வருவதுதான் வழக்கம். அந்த முதல் கதவைத் தட்டும்போது இந்தச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது என்பதால்தான் எழுதட்டும் என்கிறேன்.

இனி வருவதைத் தம்பியே படிக்கட்டும்.

தம்பி, முதலில் கல்லூரி மின்னஞ்சலை வைத்து 'அஸூர் ஃபார் ஸ்டூடன்ட்ஸ்' கணக்கு தொடங்கு. கார்டு எதுவும் கேட்காது, 12 மாதத்துக்கு 100 டாலர் கிரெடிட் தருவார்கள், அது தீர்ந்தால் கணக்கு நிற்குமே தவிர வீட்டுக்கு பில் வராது. கிரெடிட்டைக் காப்பாற்றிக்கொள். என்னிடம் வந்த ஒரு பையன் தினமும் அஸூரில் வாடகைக்கு எடுத்த விண்டோஸ் மெஷினுக்குள் போய் ஷட் டவுன் கொடுத்துவிட்டுத் தூங்கினான், மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்தான், ஆனால் வாடகை ஓடிக்கொண்டே இருந்தது. அஸூரின் நிர்வாகப் பக்கமான போர்ட்டலில் போய் ஸ்டாப் கொடுத்து, 'டீஅலொகேட்டட்' (மெஷின் விடுவிக்கப்பட்டது) என்று காட்டினால்தான் மெஷினுக்கான கட்டணம் நிற்கும், அப்போதும் டிஸ்குக்குக் காசு உண்டு. அதனால் அன்றைய பயிற்சி மொத்தத்தையும் ஒரே ரிசோர்ஸ் குரூப்பில், அதாவது ஒரே தொகுப்பில் போட்டு, படுக்கப் போகும்முன் அந்தக் குரூப்பையே டெலிட் செய்துவிடு. மறுநாள் மறுபடி கட்ட வேண்டியிருக்கும், அதுதான் படிப்பு.

பாடத்தில் ஐந்து பகுதி: அடையாளமும் அனுமதியும், ஸ்டோரேஜ், மெஷின்கள், நெட்வொர்க், கண்காணிப்பு. நம் பிள்ளைகள் வழுக்குவது நெட்வொர்க்கில்தான், வீடியோவில் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். ஏ, பி, சி என்று மூன்று நெட்வொர்க் உருவாக்கு, ஒன்றின் ஐ.பி. முகவரிகள் இன்னொன்றோடு மோதக் கூடாது. ஏ-வையும் பி-யையும் பியரிங் செய் (நேரடியாக இணைப்பது), பி-யையும் சி-யையும் செய், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன லினக்ஸ் மெஷின் வை. விண்டோஸ் வேண்டாம், அதன் ஃபயர்வாலே பிங்கை, அதாவது அடுத்த மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனையைத் தடுத்துக் குழப்பிவிடும். இப்போது ஏ-யிலிருந்து பி-க்கு பிங் போகும், சி-க்குப் போகாது. ஏன் போகவில்லை என்று அரை மணி நேரம் நீயே முட்டி மோது, உடனே கூகுளைத் திறக்காதே. பியரிங் இடையில் உள்ளவர் வழியாகத் தானாகக் கடந்து போகாது என்பது அப்போது மனதில் உட்காரும், பிறகு மறக்காது.

சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளை அஸூர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், /24 என்றால் 256-இல் உனக்கு 251, /29 என்றால் 8-இல் வெறும் 3. நெட்வொர்க்கில் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்னும் பாதுகாப்பு விதிகளில் எண் குறைந்தது முதலில் பார்க்கப்படும். 100-இல் தடுத்துவிட்டு 200-இல் அனுமதித்தால் கதவு திறக்காது.

அனுமதிப் பகுதியில் ஒன்று மட்டும்: கான்ட்ரிப்யூட்டர் என்ற பொறுப்பு உள்ளவர் எதையும் உருவாக்கலாம், அழிக்கலாம், ஆனால் இன்னொருவருக்கு அனுமதி கொடுக்க முடியாது. பழைய வீடியோக்களில் அஸூர் ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளைக் கவனிக்கும் சேவை) என்று வருவது 2023-இல் பெயர் மாறிய என்ட்ரா ஐடி தான், இரண்டையும் வேறு வேறு என்று நினைத்து மிரளாதே.

தினம் ஒன்றரை மணி நேரம் கையால் செய்து பார்த்தால் மூன்று மாதம் போதும் என்பது என் கணக்கு. தேர்வில் கேள்விகளுக்கு 100 நிமிடம், தப்பான விடைக்கு மார்க் குறையாது, எதையும் காலியாக விடாதே. சில கேள்விகளுக்குத் திரும்பி வர முடியாது, திரையில் எச்சரிக்கை வரும், நின்று படி. நடுவில் லேர்ன் தளத்தைத் திறந்து பார்க்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது, அதை நம்பிப் போகாதே.

இன்னொன்று, நம் ஊர்ப் பிள்ளைகளைப் படுத்துவது இனிஷியல். அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவிலும் இருக்க வேண்டும், அப்பா பெயர் ஒன்றில் விரிவாகவும் இன்னொன்றில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால் வாசலிலேயே சிக்கல். பதிவு செய்யும் அன்றே சரிபார்.

அம்மா, வீட்டிலிருந்தும் எழுதலாம், ஆனால் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, காபி கொடுக்க நீங்கள் உள்ளே போனாலும் தேர்வை நிறுத்திவிடலாம். கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்றால் பஸ் ஏறி தேர்வு மையத்துக்கே போகட்டும். முதல் தடவை தவறினால் 24 மணி நேரம் கழித்து மறுபடி எழுதலாம், அதற்கடுத்த முயற்சிக்கு 14 நாள் இடைவெளி, ஒவ்வொரு தடவையும் கட்டணம் உண்டு. பாஸ் ஆனால் சான்றிதழ் ஒரு வருடம் செல்லும், புதுப்பிப்பது ஆன்லைனில், இலவசம்.

சென்டரில் முன்பணம் கேட்டு மறுபடி போன் வந்தால், யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிடுங்கள். மாணவர் கணக்கு திறக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள், கல்லூரி மின்னஞ்சல் இல்லையென்றால் எனக்கு எழுதட்டும், வேறு வழி சொல்கிறேன். அந்த மூன்று நெட்வொர்க்கையும் முகவரிகளோடு ஒரு தாளில் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு எந்த மாதம் தேதி போடலாம் என்று சொல்கிறேன்.