ஆற்றங்கரை வீடு: 68 லட்சத்தில் 68 லட்சத்தையும் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. தேவகோட்டையில் இருக்கிறோம். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். பென்ஷன் மாதம் 34,000 ரூபாய். கணவருக்கு 66. கடையை மூடிவிட்டதால் அவருக்கு வருமானம் இல்லை. ஓய்வுப் பணமும் சேமிப்புமாக 48 லட்சம் பேங்கில் இருக்கிறது. காரைக்குடியில் ஒரு மனை உண்டு. 20 லட்சம் போகும் என்கிறார்கள். இப்போது குடியிருப்பது பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டில், எங்கள் பங்கில். போன ஆடிப்பெருக்குக்குக் கும்பகோணம் போனபோது காவிரிக்கரையை ஒட்டி ஒரு வீடு பார்த்தோம். 58 லட்சம் சொல்கிறார்கள். அண்ணன், தம்பி, தங்கை மூவருக்குப் பாத்தியப்பட்டது. தம்பி மலேசியாவில் இருக்கிறார். அதே தெருவில் வாடகை 14,000 என்று விசாரித்தோம். கைப்பணத்தையும் மனை விற்ற பணத்தையும் போட்டால் கடனில்லாமல் முடித்துவிடலாம் என்பது என் கணவரின் கணக்கு. மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். இந்த மாதத்துக்குள் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லி புரோக்கர் நெருக்குகிறார். வாங்கலாமா?

பதில்: ஆச்சி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வாங்க வேண்டாம். ஆனால் கும்பகோணத்துக்குப் போங்கள், வாடகைக்குப் போங்கள். ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் கிரயத்தைப் பற்றிப் பேசலாம்.

ஆசையில் தப்பில்லை. நகரத்தாராகிய நாம் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறோம். வாழ்ந்ததெல்லாம் ஊருணியையும் கண்மாயையும் நம்பி. படியிறங்கினால் ஆறு என்றால் யாருக்கும் மனம் இளகத்தான் செய்யும். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் வீட்டின் விலை மட்டும்தான் இருக்கிறது. சாவி கைக்கு வருவதற்குள் ஆகும் செலவு அதில் இல்லை.

58 லட்சத்துக்குப் பத்திரம் பதிய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,22,000 ரூபாய். புரோக்கருக்கு 1 சதவீதம் என்று வைத்தாலும் 58,000. பழைய வீடென்றால் வயரிங், குழாய், தளம், பெயின்ட் என்று மூன்று நான்கு லட்சம் இழுத்துவிடும். கூட்டினால் 67, 68 லட்சத்தில் போய் நிற்கிறது. உங்களிடம் இருப்பதும் 68தான், அதுவும் மனை சொன்ன விலைக்குப் போனால். பால் காய்ச்சுகிற அன்றைக்குப் பாஸ்புக்கில் ஒன்றும் இருக்காது. மாதம் வரும் பென்ஷன் மட்டும்தான் மிச்சம்.

அந்தப் பென்ஷனும் உங்களுடையது. உங்களுக்குப் பிறகு அவருக்கு வருவது குடும்பப் பென்ஷன், இதைவிட நன்றாகவே குறைவு. நாளைக்கே ஒரு ஆபரேஷன் என்றால் ஆற்றங்கரை வீட்டின் ஒரு ஜன்னலை மட்டும் விற்று ஆஸ்பத்திரிக்குக் கட்ட முடியாது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் நம்முடையது. நீங்கள் ஆற்றங்கரையில் அளக்காமல் போடப் பார்க்கிறீர்கள்.

இப்போது வாடகைக் கணக்கு. மாதம் 14,000 என்றால் வருஷத்துக்கு 1,68,000. 58 லட்சம் பெறுமான வீட்டில் இருக்க நீங்கள் கொடுப்பது அதன் விலையில் 3 சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் 48 லட்சத்தில் 30 லட்சத்தை மட்டும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். ஒருவருக்கு உச்சவரம்பே அதுதான். 2023 ஏப்ரலுக்குப் பின் வட்டி 8.2 சதவீதமாக இருந்து வருகிறது. போடுகிற அன்றைய வட்டி ஐந்து வருஷத்துக்கும் மாறாது. அந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். வருஷத்துக்கு 2,46,000. வாடகை போக 78,000 கையில் நிற்கும். பென்ஷனைத் தொடவே வேண்டாம். முதலும் பத்திரமாக இருக்கும். பென்ஷனையும் வட்டியையும் சேர்த்தாலும் ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்கு வெகு கீழே இருப்பதால், புதிய வரி முறையில் அதற்கு வருமான வரியும் வராது.

‘வாடகை கொடுத்தால் காசு கரியாகும்’ என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வார். ஒரு வருஷ வாடகை 1,68,000. பத்திரச் செலவு மட்டுமே 5,22,000. வாங்கிய ஆறாவது மாதம் ஊர் ஒத்துவரவில்லை என்று தோன்றினால் இந்த ஐந்தே கால் லட்சத்தை எந்த அரசும் திருப்பித் தராது. திரும்ப விற்கக் காத்திருக்கும் காலம் வேறு. பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துகொள்ள 1,68,000 கொடுப்பது, என் பார்வையில், மலிவு.

பிடிக்காமல் போகுமா என்று கேட்கலாம். நீங்கள் ஆற்றைப் பார்த்தது ஆடிப்பெருக்கன்று. அன்றைக்குக் காவிரி யாருக்கும் அழகாகத்தான் இருக்கும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் தண்ணீர் குறைவாக இருந்தால் திறப்பது இன்னும் தள்ளிப்போகும். மாசியிலிருந்து வைகாசி வரை உங்கள் ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் மணல்தான், சில இடங்களில் கருவேலம். படித்துறையை ஒட்டி எந்தக் குழாயிலிருந்து என்ன வந்து விழுகிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும், மூக்கிலும் படும். பங்குனி வெயிலில் ஒரு தரம் அந்தத் தெருவில் சாயங்காலம் நின்று பாருங்கள். கொசுவையும் எண்ணிக்கொள்ளலாம்.

வெள்ளப் பயம் ஆற்றைவிட மழையில்தான் அதிகம். காவிரியில் பெருவெள்ளம் வந்தால் அதில் பெரும்பகுதியைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதே, அதுவும் கொள்ளிடம் பக்கம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருத் தண்ணீர் வடியாமல் எத்தனை நாள் நிற்கிறது என்பதை அங்கே குடியிருந்தால்தான் தெரியும். இன்னொன்று ஓதம், தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். நம் பக்கத்துச் செம்பூராங்கல் பூமியில், மேடாகக் கட்டிய வீட்டில் இருந்து பழகியவர்களுக்கு டெல்டா வீட்டுச் சுவர் புதிது. புது பெயின்ட் அடித்திருந்தால் ஏமாற வேண்டாம். பின்கட்டில், பீரோவுக்குப் பின்னால், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவரைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு பொரிந்து மாவாகக் கையில் ஒட்டினால் ஓதம் ஏறியிருக்கிறது.

பத்திர விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் உங்களை அதிகம் பயமுறுத்த விரும்புகிறேன். கும்பகோணம், ஸ்ரீரங்கம் மாதிரிக் கோயில் ஊர்களில் கட்டடம் ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருப்பது சாதாரணம். மூன்று தலைமுறையாகக் குடியிருப்பார்கள், வரி கட்டுவார்கள், கரண்ட் பில் அவர்கள் பெயரில் இருக்கும், ஆனால் மனை அவர்களுடையதாக இருக்காது. கோயில் நிலத்தை அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது, விற்றாலும் செல்லாது. ஆற்றை ஒட்டிய வீடு என்பதால் படுகை நிலம், ஆற்றுப் புறம்போக்கு என்ற வில்லங்கமும் சேர்கிறது. வீடு பட்டாவில் இருக்கும், கொல்லைப்புறமும் படிக்கட்டும் புறம்போக்கில் இருக்கும். நீங்கள் ஆசைப்பட்டதே அந்தப் படிக்கட்டுக்காக என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே 30 வருஷத்துக்குக் குறையாத வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள், பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எல்லாவற்றையும் வாங்கி, அந்த ஊர் வக்கீல் ஒருவரிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். புரோக்கர் காட்டும் வக்கீல் வேண்டாம். சர்வேயரை வைத்து அளந்தும் பார்க்க வேண்டும். உங்களுக்குக் கடன் தேவையில்லாவிட்டாலும், இந்த வீட்டின் பேரில் கடன் தருவீர்களா என்று ஒரு பேங்கில் கேட்டுப் பாருங்கள். அடிமனை வீடென்றால் முகம் சுளிப்பார்கள்.

மூன்று பேர் விற்கிறார்கள், ஒருவர் மலேசியாவில். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால், உள்நாட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள்தான். வெளிநாட்டில் குடியிருப்பவரின் பங்குக்கு 1 சதவீதம் போதாது. பிடித்தம் பல மடங்கு கூடும், 50 லட்ச வரம்பும் அதற்குக் கிடையாது. பிடிக்காமல் கொடுத்துவிட்டால் நோட்டீஸ் உங்களுக்கு வரும், மலேசியாவுக்குப் போகாது. அவர் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றதா, இங்கே முறையாக முத்திரைத் தீர்வை கட்டியதா என்று வக்கீல் பார்க்கட்டும்.

காரைக்குடி மனையை இப்போதைக்கு விற்காதீர்கள். விற்ற பணம் முழுவதையும் வீட்டில் போட்டால் லாபத்துக்கு வரிவிலக்கு கேட்கலாம், ஆனால் விற்ற இரண்டு வருஷத்துக்குள் வாங்கியாக வேண்டும். இப்போதே விற்றுவிட்டு வாடகையில் உட்கார்ந்தால் அந்தக் கெடு கழுத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே ஒரு வீட்டுக்கு மேல் வைத்திருந்தால் இந்த விலக்கு கிடையாது. பூர்வீக வீட்டுப் பங்கை எப்படிக் கணக்கிடுவது என்று ஆடிட்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். சற்று முன்பு சொன்ன 12 லட்ச வரிச் சலுகை மனை விற்ற லாபத்துக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. தேவகோட்டைப் பங்கைப் பூட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு மாதம் திறக்காத வீட்டில் கரையான் முகப்பில் நுழைந்து பட்டாலைத் தேக்கு வரை போய்விடும். ஓடு விலகினால் சொல்ல ஆள் வேண்டும். கூட்டித் திறந்து வைக்க ஒருவருக்குச் சம்பளம், பங்காளிகளோடு பொது மராமத்தில் உங்கள் பங்கு. இரண்டு வீட்டைக் கட்டிக் காப்பது ஒரு பென்ஷனுக்கு நிறையப் பாரம். பிள்ளைகள் இருவரும் கும்பகோணத்தில் வந்து குடியேறப் போவதில்லை என்பதால் கடைசியில் அதை விற்கத்தான் போகிறார்கள். அதனால் சுலபமாகக் கைமாறக்கூடிய வீடாகவும் இருக்க வேண்டும்.

‘2028-ல் மகாமகம் வருகிறது, விலை எங்கேயோ போய்விடும்’ என்று புரோக்கர் சொல்லியிருப்பார். மகாமகம் 12 வருஷத்துக்கு ஒருமுறை வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்காக யாரும் குளத்துக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. ஒரு வருஷத்தில் 5 சதவீதம் ஏறினாலும் 2,90,000தான். தப்பான வீட்டை வாங்கும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது தாங்கக்கூடியது.

வருஷம் முடிந்த பிறகும் ஊர் பிடித்திருந்தால், பத்திரமும் சுத்தமாக இருந்தால், வாங்குங்கள். அப்போதும் 58 லட்சத்துக்கு இல்லை. 20 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில் இருந்து காலாண்டுக்கு 41,000 தரட்டும், 5 லட்சம் ஆஸ்பத்திரிக்கென்று தனியே கிடக்கட்டும். மனையையும் விற்றால் மீதி 43 லட்சம். பத்திரம், புரோக்கர், மராமத்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் வீட்டின் விலை 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கரையை ஒட்டிக் கிடைக்காது; இரண்டு தெரு உள்ளே தேடிப் பாருங்கள். ஆற்றுக்கு ஐந்து நிமிஷ நடைதான், ஓதமும் கொஞ்சம் குறையும். மீதிக்குக் கடன் வாங்கலாமே என்று யோசிக்காதீர்கள். 10 லட்சத்துக்குப் பத்து வருஷம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 12,400. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அந்த 2 லட்சம் அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கேட்க மாட்டார், கொடுத்தே ஆவேன் என்றால், ரொக்கமாகவோ புரோக்கர் கையிலோ கொடுக்க வேண்டாம். உரிமையாளர்கள் மூவர் பெயருக்கும் செக்காகக் கொடுக்கச் சொல்லுங்கள். வக்கீல் பார்த்து மனையுரிமையில் குறை கண்டால் முழுத் தொகையும் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும், மலேசியாக்காரரின் சம்மதமும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வரியை எழுத மறுத்தால் அந்த வீட்டை அதோடு விட்டுவிடலாம். அதே தெருவில் 14,000 வாடகை என்று விசாரித்தீர்களே, அந்த வீட்டுக்காரரின் நம்பர் இருந்தால் இந்த வாரமே பேசுங்கள்.