பூந்தமல்லியில் கொட்டுகிறது, அடையாறில் சொட்டுகூட இல்லை. ஏன்?

கேள்வி: அடையாறில் மொட்டைமாடியில் வடகம் காயவைக்கிறோம். ஜூன், ஜூலையில் தினமும் சாயங்காலம் மேற்கே இருட்டுகிறது, இடி கேட்கிறது. பல நாள் ஒன்றும் இல்லை. திடீரென ஒருநாள் கொட்டி எல்லாம் பாழ். முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெருமளவு முடியும். மேகத்தைப் பார்ப்பதற்கு முன் கடற்காற்று வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு, வறண்ட சூட்டுக்காற்று சென்னைக்கு வருகிறது. எதிரே வங்கக்கடலிலிருந்து ஈரமான குளிர்காற்று கிளம்புகிறது. இரண்டும் முட்டுகிற கோட்டில் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. அங்கேதான் இடிமேகம் எழும்பும். ஜவ்வாது மலை, நகரி மலைச் சரிவுகள் மதிய வெயிலில் சூடேறித் தனியாகவும் மேகம் கிளப்பும். உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அவற்றைக் கிழக்கே தள்ளிவரும்.

கடற்காற்று 11, 12 மணிக்கே வந்துவிட்டால் அந்தக் கோடு மாலைக்குள் காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் போய்விடும். உங்கள் தெருவின் மேல் கடலின் குளிர்ந்த காற்று கனமாகப் படிந்திருக்கும். அது எளிதில் மேலே எழும்பாது. மேற்கிலிருந்து வரும் மேகம் அதன்மேல் ஏறியதும் பெரும்பாலும் இளைத்துவிடும். நீங்கள் கேட்கும் வெற்று இடி அதுதான். கடற்காற்று 2 மணிக்கு மேல் வந்தாலோ, கோடு அம்பத்தூர், பூந்தமல்லி, மீனம்பாக்கம் பக்கமே நிற்கும். அன்றுதான் கவனம் வேண்டும். கடற்காற்றே வராமல் 40 டிகிரி கொதித்த நாளில், இரவு மழைக்கும் வாய்ப்புண்டு.

கொடியில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, அது எப்போது மேற்கு நோக்கிப் பறக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். பிறகு வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படத்தை அரைமணி இடைவெளியில் இருமுறை பாருங்கள். முதலில் 40 கி.மீ. தொலைவில் இருந்த மேகம் இப்போது 25 கி.மீ.யில் இருந்தால், அதன் வேகம் மணிக்கு 30 கி.மீ. கணக்குப்படி இன்னும் 50 நிமிடம். ஆனால் அதை அப்படியே நம்பாதீர்கள். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையோடு முன்னே ஓடி, சூட்டுக்காற்றைத் தூக்கிப் புது மேகங்களை எழுப்பும். மழை தாவித் தாவி வரும். பாதி நேரம், அதாவது 25 நிமிடம்தான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தட்டுகளை இறக்குங்கள்.

ரேடாரே பார்க்காவிட்டாலும் ஓர் அடையாளம் உதவும். வீசிக்கொண்டிருந்த கடற்காற்று சட்டென நிற்கும், இலை அசையாது. அடுத்து மேற்கிலிருந்து புழுதியோடு குளிர்ந்த காற்று அடிக்கும். பல நாள் 10, 15 நிமிடத்தில் மழை. தட்டு பறப்பதும் அந்தக் காற்றில்தான்.

வடகத்தைவிட உங்கள் உயிர் பெரிது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 3 விநாடிக்கு 1 கி.மீ. 30 விநாடிக்குள் இடி கேட்டால் போட்டதைப் போட்டபடி கீழே இறங்கிவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி கழியும்வரை மாடி ஏறாதீர்கள். 20 கி.மீ. சுற்றுவட்டத்துக்குள் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும் தாமினி செயலியைக் கைபேசியில் வைத்திருங்கள்.

அக்டோபர் பிற்பகுதியிலிருந்து இந்தக் கணக்கு செல்லாது. வடகிழக்குப் பருவத்தில் மழை கடலிலிருந்து வரும், பல நாள் பின்னிரவிலும் விடியலிலும். அப்போது பார்க்க வேண்டியது கிழக்கு வானம்.